சென்னையில் பொழுது சாய்வதை எங்கே நின்று பார்ப்பது? (இடம், மாதம், திசை, தடை)

#1 · தரமணி வாசகர்

வெளியூரிலிருந்து வருபவர்கள் மாலை ஐந்தரை மணிக்கு மெரினா மணலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து, சூரியன் கடலுக்குள் இறங்கும் என்று காத்திருப்பது இன்றும் நடக்கிறது. நம் ஊருக்குக் கடல் கிழக்கே. சூரியன் மறைவது நகரத்தின் முதுகுப்பக்கம். கடலில் உதிப்பதைப் பார்க்க ஊர் முழுக்க இடம் உண்டு. மறைவதைப் பார்க்கத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பத்துக் கடற்கரைகளின் பெயரைச் சொல்லிவிட்டு முடிந்துவிடுகின்றன. எந்த மாதம் போனால் சரியாக இருக்கும், மேற்கே எது மறைக்கும், எத்தனை மணிக்கு மூடுவார்கள், இருட்டிய பிறகு எப்படித் திரும்புவது என்பதெல்லாம் எதிலும் இல்லை. இடம் தெரிந்தவர்கள் இந்த நான்கையும் சேர்த்து எழுதுங்கள். "சூப்பரா இருக்கும்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயன்படாது.

#2 · திசைமானி

இடத்துக்கு முன் கணக்கு. இது இல்லாமல் எந்த இடத்தைச் சொன்னாலும் பாதி நாள் ஏமாற்றம்தான்.

சூரியன் தினமும் நேர் மேற்கில் மறைவதில்லை. மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் மட்டும்தான் நேர் மேற்கு, அதாவது திசைமானியில் 270 பாகை. ஜூன் 21 வாக்கில் அதிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி 294இல் மறையும். டிசம்பர் 21 வாக்கில் 24 பாகை தெற்கே, 246இல். ஆக மொத்த வீச்சு 48 பாகை. கையை முழுக்க நீட்டி ஒரு சாண் விரித்தால் வானத்தில் சுமார் 20 பாகை. ஆண்டு முழுவதும் சூரியன் இறங்கும் இடம் இரண்டு சாணுக்கு மேல் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் ஆற்றின் மேல் விழுந்த சூரியன் டிசம்பரில் ஒரு மரக்கூட்டத்துக்குப் பின்னால் போயிருக்கும்.

நேரம்: மிகத் தாமதமான அஸ்தமனம் ஜூலை முதல் வாரம், மாலை 6.39 வாக்கில். மிகச் சீக்கிரமானது நவம்பர் மூன்றாம் வாரம், 5.39 வாக்கில். டிசம்பர் 21தான் மிகக் குறுகிய பகல் என்பதால் அன்றுதான் சீக்கிரம் இருட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அன்று 5.48 ஆகிவிடும். மார்ச் கடைசியிலிருந்து மே நடுவரை 6.19க்கும் 6.26க்கும் இடையிலேயே நிற்கும். செப்டம்பர், அக்டோபரில்தான் வேகமாக முன்னே வரும், ஒரு மாதத்தில் இருபது நிமிடம். போன மாத நேரத்தை நினைத்துக்கொண்டு கிளம்புபவர்கள் தவறவிடுவது இந்த இரண்டு மாதங்களில்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியன் சாய்வாக உருளாமல் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழுகிறது. ஒரு பாகை இறங்க நான்கு நிமிடம். கீழ் விளிம்பு தொட்டதிலிருந்து முழுதும் மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். "நீட்டிய கையில் நான்கு விரல் அடுக்கினால் ஒரு மணி நேரம்" என்று சொல்வது குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே நான்கு விரல் என்றால் அரை மணி நேரம்தான் மிச்சம்.

அடுத்தது தடை. மேற்கே இருக்கும் கட்டிடத்தின் உயரத்தை அதன் தூரத்தால் வகுத்து 57ஆல் பெருக்குங்கள். எத்தனை பாகை மறைக்கும் என்று வரும். அதை நான்கால் பெருக்கினால் எத்தனை நிமிடம் முன்னதாகச் சூரியன் மறையும் என்று தெரியும். 25 மீட்டர் கட்டிடம் 400 மீட்டரில் இருந்தால் மூன்றரை பாகை, 14 நிமிட இழப்பு. அதே கட்டிடம் நான்கு கிலோமீட்டரில் இருந்தால் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. மேற்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் வெட்டவெளி இருந்தால் தரையில் நின்றே பார்க்கலாம். இல்லாவிட்டால் உயரம் ஏற வேண்டும். சென்னையில் இந்த இரண்டே வழிகள்தான்.

#3 · ஏரிக்கரை

திசைமானி சொன்ன வெட்டவெளி நம் ஊரில் ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கிறது. அதன் பெயர் ஏரி.

தொண்டை மண்டலத்து நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. மழைநீர் மேற்கிலிருந்து வரும், அதைத் தடுக்க மண்கரையைக் கிழக்குப் பக்கம் போட்டார்கள். அதனால் பெரும்பாலான ஏரிகளில் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும். கரைமேல் ஏறி நின்றால் முகம் மேற்கே, எதிரே தண்ணீர். பாசனத்துக்காகச் செய்த ஏற்பாடுதான், ஆனால் பொழுது சாய்வதைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல மேடை யாராலும் கட்ட முடியாது. புழல் ஏரியின் நீண்ட கரை கிழக்குப் பக்கம். செம்பரம்பாக்கத்துக் கரையும் கிழக்கு, தென்கிழக்கில்தான்.

இன்னொரு சௌகரியம் காற்று. கோடையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. ஏரிக்கரை அதற்கு முதுகைக் காட்டி நிற்பதால் கரையை ஒட்டிய தண்ணீர் அதிகம் அலையாமல் கிடக்கும். செவ்வானம் பிரதிபலிப்பது அந்தப் பட்டையில்தான். கரையின் உச்சியில் நிற்காமல், அனுமதி இருக்கும் இடத்தில் பாதிச் சரிவு இறங்கி நின்றால் தண்ணீர் கண்மட்டத்துக்கு அருகில் வந்து பிரதிபலிப்பு நீளமாகத் தெரியும்.

மாதம்: டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும், காற்றும் கழுவிவிட்டது போலிருக்கும். மே, ஜூனில் நீர்மட்டம் இறங்கித் தண்ணீர் கரையிலிருந்து வெகுதூரம் உள்வாங்கிவிடும். அப்போது உங்கள் எதிரே இருப்பது வெடித்த சேறும் கருவேலமும்தான்.

எச்சரிக்கை: புழலும் செம்பரம்பாக்கமும் குடிநீர் ஏரிகள். கரைமேல் எல்லா இடத்திலும் எல்லா நாளும் விடமாட்டார்கள். மழைக்காலத்தில் உபரி நீர் திறக்கும் நாட்களில் மதகுப் பக்கம் போகவே கூடாது. காவலர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அவ்வளவு தண்ணீரைத் தாங்கும் மண்கரை அது.

#4 · தாம்பரம் கிழக்கு

ஏரிக்கரை சார், சின்ன ஏரிகளில் இது சரிவருமா? இங்கே சிட்லப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகளில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். சேத்துப்பட்டு ஏரியையும் சொல்கிறார்கள்.

#5 · ஏரிக்கரை

பாதிதான் வரும். ஏரி அரை கிலோமீட்டர் அகலம் என்றால் எதிர்க்கரையில் நான்கு மாடி வீடு, 13 மீட்டர் என்று வையுங்கள், ஒன்றரை பாகை மறைத்துவிடும், ஆறு நிமிடம் போச்சு. அதற்கு மேல் தென்னை வேறு. சூரிய வட்டத்தைப் பார்க்க முடியாது. ஆனால் மறைந்த பிறகு வரும் நிறத்தை வீடுகள் தடுக்காது, அதைத் தண்ணீரில் பார்க்கலாம். சேத்துப்பட்டு நகரத்தின் நடுவில் இருக்கிறது, நாலாபுறமும் கட்டிடம். நடைப்பயிற்சிக்கு நல்ல இடம். அஸ்தமனத்துக்கென்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

போரூர் ஏரியைப் பற்றி ஒன்று. பைபாஸில் போகும்போது ஏரிமேல் சூரியன் இறங்குவது அழகாகத் தெரியும். அதற்காக வண்டியை ஓரம் கட்டாதீர்கள். கனரக லாரிகள் வேகமாக வரும் சாலை, அந்த நேரத்தில் மேற்கு நோக்கி வரும் ஓட்டுநர்களுக்கு எதிர்வெயிலில் கண்ணும் தெரியாது.

#6 · மலைப்படி

உயரம் பற்றி எழுதுகிறேன்.

பரங்கிமலை: சுமார் 300 அடி. நகரத்துக்குள்ளேயே இருக்கும் மேற்குப் பார்வைகளில் இதற்கு நிகர் இல்லை. உச்சியில் போர்ச்சுகீசியர் 1523இல் கட்டிய தேவாலயம். படிவழியும் உண்டு, வண்டி போகும் சாலையும் உண்டு. மலை உயரத்தால் அடிவானம் கொஞ்சம் கீழே இறங்குவதால் அடிவாரத்தில் மறைந்த சூரியன் உச்சியில் இருப்பவர்களுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கூடுதலாகத் தெரியும்.

இங்கே போக வேண்டிய மாதம் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி. அப்போது சூரியன் மேற்கு–தென்மேற்கில் இறங்கும், அந்தத் திசையில்தான் விமான நிலையத்தின் ஓடுபாதைகள் விரிந்து கிடக்கின்றன. அதற்கும் அப்பால் திருநீர்மலைக் குன்று. டிசம்பர் கடைசியில் சூரியன் அந்தக் குன்றுக்குச் சற்று வலப்பக்கம் இறங்கும். முக்கிய ஓடுபாதையின் எண் 07–25. ஓடுபாதை எண்ணைப் பத்தால் பெருக்கினால் திசை வரும், அதாவது அதன் மேற்கு முகம் ஏறக்குறைய 250 பாகை. திசைமானி கொடுத்த கணக்கைப் போட்டால் நவம்பர் 18, ஜனவரி 24 வாக்கில் சூரியன் ஓடுபாதையின் போக்கிலேயே மறைகிறது என்று வரும். மேற்கு நோக்கிக் கிளம்பும் விமானம் சூரியனுக்குள் போவது போலத் தோன்றுவது இந்த நாட்களில்தான்.

ஜூனில் போனால் சூரியன் வடமேற்குப் பக்கம் நகர்ந்திருக்கும். வெறும் வீட்டுக் கூரைகள். பார்க்கலாம், ஆனால் அதே உழைப்புக்குக் குன்றத்தூர் மேல்.

கவனிக்க வேண்டியவை: தேவாலய வளாகம் வழிபாட்டு இடம், பூசை நடக்கும்போது கேமரா முக்காலி, சத்தம் எதுவும் வேண்டாம். மாலையில் வாயில் மூடும் நேரத்தைப் போனவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஜூலையில் அஸ்தமனம் 6.39 என்பதால் இடிக்கலாம். சுற்றிலும் ராணுவக் குடியிருப்பு, பக்கத்திலேயே விமான நிலையம். ட்ரோன் எடுத்துக்கொண்டு போகவே கூடாது.

குன்றத்தூர் முருகன் கோயில்: 84 படி. சேக்கிழார் பிறந்த ஊர். மலை சிறியதுதான். ஆனால் மேற்கு–வடமேற்கில் செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. மே இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை சூரியன் ஏரியின் பக்கமாகவே இறங்கும். பரங்கிமலைக்கு எது ஓய்வு மாதமோ அது இதற்குச் சரியான மாதம். கோடையில் ஏரி சுருங்கியிருந்தாலும் உயரத்திலிருந்து பார்ப்பதால் மீதித் தண்ணீர் தகடு போலத் தெரிந்துவிடும். செவ்வாய், வெள்ளி, கிருத்திகை நாட்களில் கூட்டம் அதிகம், தரிசனத்துக்கு வருபவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நிற்க வேண்டும்.

திருநீர்மலை: 108 திவ்ய தேசங்களில் ஒன்று. மலைக்கோயில் படிகளில் பாதி ஏறினாலே மேற்கு திறந்துவிடும். மழைக்குப் பின் சுற்றிலும் ஏரிகள் நிறைந்திருக்கும்போது போக வேண்டும். வெயில் நாளில் கல் படி மாலை ஐந்து மணிக்கும் சுடும், செருப்பைக் கீழேயே விட வேண்டியிருக்கும். சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

#7 · கூழைக்கடா

தண்ணீரும் பறவையும் சேர்ந்து வேண்டுமென்றால் மூன்று இடம்.

முட்டுக்காடு. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தில் கிழக்கே கடல், மேற்கே கழிமுகத்து உப்பங்கழி. சென்னைப் பக்கத்தில் இவ்வளவு அகலமான தண்ணீர்மேல் சூரியன் விழுவதைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கக் கிடைப்பது அரிது. எதிரே ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்து அடுக்குமாடிகள் வந்துவிட்டன. 60 மீட்டர் உயரம், இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம் என்று வைத்தால் ஐந்திலிருந்து ஏழு நிமிடம் முன்னதாக மறையும், அவ்வளவுதான். படகுத் துறைக்குள் நின்று பார்ப்பதே பாதுகாப்பு. பாலத்தின்மேல் நிற்காதீர்கள், வண்டிகள் வரும் வேகம் அப்படி. கடைசிப் படகு அஸ்தமனத்துக்கு முன்பே முடிந்துவிடும். கோடையில் சூரியன் மறையும்போது படகில் இருக்கலாம் என்று எண்ணிச் சீட்டு வாங்க வேண்டாம்.

கேளம்பாக்கம்–கோவளம் சாலை. அதே உப்பங்கழியின் தென்பகுதி, உப்பளங்கள். பாத்தி பாத்தியாகத் தேங்கிய ஆழமில்லாத நீரில் அலையே இருக்காது, வானம் அப்படியே கவிழ்ந்து கிடக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பூநாரை, கூழைக்கடா, உள்ளான்கள். உப்பளப் பாத்தி வரப்பில் ஏறாதீர்கள். வரப்பு இளகிய மண், உங்கள் ஒரு மிதி அவர்களுக்கு ஒரு நாள் வேலை. சாலையோரத்திலிருந்தே எல்லாம் தெரியும்.

பள்ளிக்கரணை. 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்புநிலம். துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி சாலை இதைக் குறுக்காக வெட்டிப் போகிறது. துரைப்பாக்கம் முனையிலிருந்து மேற்கே பார்த்தால் கோரைப்புல்லும் தண்ணீரும், தூரத்தில் பல்லாவரம் பக்கத்துக் குன்றுகள். சூரியன் மறைய இருபது நிமிடம் இருக்கும்போது கொக்குகளும் அரிவாள்மூக்கன்களும் கூட்டம் கூட்டமாக அடையப் போகும். அதற்காகவே அரை மணி முன்னதாகப் போக வேண்டும். மேற்கு வெளிச்சத்தில் பறவை நிழலுருவாக மட்டும்தான் தெரியும். நிறம் பார்க்க வேண்டுமென்றால் சூரியனுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பாருங்கள். பெருங்குடி குப்பைக் கிடங்கு வடக்கே இருப்பதால் வடகாற்று நாளில் நாற்றமும் சில நாள் புகையும் வரும்.

அடையாறு முகத்துவாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். உடைந்த பாலத்துப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் ஆறு கிட்டத்தட்ட நேர் மேற்கே, சற்றே வடக்கே சாய்ந்து, திரு.வி.க. பாலம் வரை நீள்கிறது. மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடுவரையும், ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுவரையும் சூரியன் ஆற்றின் நீளத்திலேயே விழும். டிசம்பரில் பிரம்மஞான சபை வளாகத்து மரங்களுக்குப் பின்னால் போய்விடும்.

#8 · ஊரூர் காற்று

கூழைக்கடா அவர்களே, திசைக் கணக்கு சரி. ஆனால் உடைந்த பாலத்தைப் புதியவர்களுக்குச் சொல்லும்போது அதன்மேல் ஏறக்கூடாது என்பதை முதல் வரியாக எழுத வேண்டும். மீனவர்கள் கரை கடப்பதற்காக 1967இல் கட்டி, 1977இல் வெள்ளத்தில் உடைந்த பாலம். அதன் பிறகு யாரும் செப்பனிடவில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்கள் உண்டு, கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருத்தி நிற்கிறது, முனை அந்தரத்தில் முடிகிறது. கீழே முகத்துவாரத்தில் கடல் ஓதமும் ஆற்று நீரும் மோதும் இடம், நீந்தத் தெரிந்தவரையும் இழுத்துவிடும். இருட்டிய பின் விளக்கு கிடையாது. போலீசார் அடிக்கடி தடுப்பதும் இதனால்தான்.

பார்க்க வேண்டியது ஆறும் வானமும் என்றால் திரு.வி.க. பாலத்து நடைபாதை போதும். அங்கேயிருந்து மேற்கே ஆற்றின் மேல்பகுதி தெரியும், விளக்கு உண்டு, பஸ் உண்டு. மணற்பக்கம் போகிறவர்கள் குப்பத்து வலைகளையும் படகுகளையும் மிதிக்காமல், உட்காராமல் போங்கள். அது அவர்கள் வேலை செய்யும் இடம்.

#9 · கூழைக்கடா

சரியாகச் சொன்னீர்கள். முந்தைய பதிவில் அதை விட்டது என் தவறு. மணல்கரையிலிருந்து பார்ப்பதைத்தான் எண்ணி எழுதினேன். பாலத்தில் ஏற வேண்டாம், படிப்பவர்கள் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

#10 · செக்கர்வானம்

இடமும் மாதமும் சரியாக இருந்தும் வானம் வெளிறிப்போய் முடிந்துவிடும் நாட்கள் உண்டு. அதைக் கிளம்பும் முன்பே ஓரளவு கணிக்கலாம்.

நிறம் தருவது மேகம். மேகமே இல்லாத நாளில் மஞ்சளும் கொஞ்சம் ஆரஞ்சும்தான். நல்ல நாளுக்கு இரண்டு வேண்டும்: தலைக்குமேல் உயரமான மெல்லிய மேகம், கீற்று கீற்றாகவோ செதில் செதிலாகவோ; மேற்கு அடிவானத்தில் ஒரு திறப்பு. சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனதும் அந்தத் திறப்பு வழியாக வெளிச்சம் மேகத்தின் அடிவயிற்றில் படும். மேற்கு அடைபட்டிருந்தால் தலைக்குமேல் எவ்வளவு அழகான மேகம் இருந்தும் சாம்பல் நிறம்தான் மிச்சம்.

அதனால் நம் தலைக்குமேல் உள்ள வானத்தைவிட முக்கியம் நமக்கு மேற்கே 100 கிலோமீட்டருக்கு மேல், ராணிப்பேட்டை, வேலூர்ப் பக்கத்து வானம். வானிலைத் துறையின் செயற்கைக்கோள் படத்தை நான்கரை, ஐந்து மணிக்குப் பாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் அந்தப் பக்கம் இடிமேகம் எழும்பிக் கிழக்கே நகர்ந்து வரும். ரேடாரில் வேலூர்ப் பக்கம் சிவப்பு கண்டால் அன்று அஸ்தமனத்தை விட்டுவிடலாம். வந்தால் மழைதான்.

மாதவாரியாக: அக்டோபர் கடைசி, நவம்பரில் பகல் மழை விட்டு மாலையில் மேற்கு மட்டும் வெளுக்கும் நாள் வருமானால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வருடத்தின் மிக ஆழமான சிவப்பு அப்போதுதான். ஜனவரியில் வானம் தெளிவு, ஆனால் போகியை ஒட்டிய நாட்களில் புகை தரையோடு படியும். ஏப்ரல், மேயில் ஈரப்பதமும் தூசியும் சேர்ந்து அடிவானத்தில் பால்போல் ஒரு மூட்டம் நிற்கும். அடிவானத்துக்கு மூன்று நான்கு பாகை மேலேயே சூரியன் கரைந்து காணாமல் போகும், பதினைந்து நிமிடம் முன்னதாக. அந்த மாதங்களில் பஞ்சாங்க நேரத்தை நம்பிக் கடைசி நிமிடத்தில் போய்ச் சேராதீர்கள்.

காற்றில் மிதக்கும் துகள் எவ்வளவு தூரம் விளையாடும் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தது. அடுத்த மாதம் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிக்கி ஸ்மித் அதை ஆராய்ந்து பதிவு செய்தார்.

இன்னொன்று: சூரியன் மறைந்தவுடன் கிளம்பிவிடாதீர்கள். நிறம் உச்சத்துக்கு வருவது மறைந்து பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்குள். இங்கே அந்தி நீளம் குறைவு, சுமார் 21 நிமிடத்தில் முடிந்துவிடும். பாதிப்பேர் வண்டியைத் திருப்பும்போதுதான் வானம் பற்றிக்கொள்கிறது.

#11 · தாம்பரம் கிழக்கு

அப்பா அம்மாவுக்கு முட்டிவலி. படி ஏற முடியாது, ஏரிக்கரையில் நிற்கவும் முடியாது. உட்கார்ந்து பார்க்கும்படி ஏதாவது?

#12 · பறக்கும் ரயில்

மெட்ரோ. லிஃப்ட் இருக்கிறது, உட்கார்ந்தே போகலாம், கொசு கிடையாது.

பச்சை வழித்தடத்தில் கோயம்பேட்டிலிருந்து பரங்கிமலை வரை ரயில் மேம்பாலத்தில் ஓடுகிறது. பரங்கிமலை நோக்கிப் போகும்போது மேற்கு உங்கள் வலக்கைப் பக்கம். ஜன்னலுக்கு முதுகு காட்டும் நீள இருக்கைகள் என்பதால் மேற்கு ஜன்னலைப் பார்க்க இடப்பக்க இருக்கையில் உட்கார வேண்டும். இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஈக்காட்டுத்தாங்கலுக்கும் ஆலந்தூருக்கும் இடையே அடையாற்றைக் கடக்கும்போது ஒரு சில வினாடி ஆற்றின்மேல் வானம் திறக்கும்.

நீல வழித்தடத்தில் ஆலந்தூரிலிருந்து விமான நிலையம் வரை இன்னும் நல்லது. அந்தப் பக்கம் போகும்போது வலப்புறம் பரங்கிமலை, பிறகு விமான நிலையத் திடல். குளிர்கால மாதங்களில் சூரியன் அந்தத் திடல்மேல் நிற்கும். அஸ்தமனத்துக்கு இருபது நிமிடம் முன் ஆலந்தூரில் ஏறுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் ஏறிவிட்டால் எதிர் ஜன்னல் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை போவது உத்தமம்.

#13 · திசைமானி

பெரியவர்களுக்கு மெரினாவையே சொல்வேன், ஆனால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு.

மெரினா மணலின் சராசரி அகலம் சுமார் 300 மீட்டர். நீர் ஓரத்துக்குப் போய் ஊரைப் பார்த்து நின்றால் காமராசர் சாலைக் கட்டிடங்கள் வரிசையாக மேற்கு அடிவானமாகின்றன: பல்கலைக்கழக செனட் ஹவுஸ், சேப்பாக்கம் மாளிகை, மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம். செனட் ஹவுஸ் கட்டிடக் கலைஞர் சிஷோம் வடித்தது. அதன் குவிமாடங்களும் மூலைக் கோபுரங்களும் செவ்வானத்துக்கு எதிரே கறுப்பாக எழும். சூரியன் கட்டிடத்துக்குப் பின்னால் போவது அஸ்தமனத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே நடந்துவிடும், மேலே எழுதிய கணக்குதான். குவிமாடத்துக்கு நேர் பின்னால் சூரியனை நிறுத்த வேண்டுமென்றால் மணலில் வடக்கு தெற்காக நடந்து உங்கள் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். 300 மீட்டர் தூரத்தில் நீங்கள் ஐந்து மீட்டர் நகர்ந்தால் கட்டிடம் சூரியனுக்கு எதிரே சுமார் ஒரு பாகை நகரும், சூரிய வட்டத்தைப் போல இரண்டு பங்கு.

முட்டிவலிக்காரர்கள் மணலில் நடக்க வேண்டாம், சாலையோர நடைமேடையில் உட்காரலாம். அங்கேயிருந்து சூரியன் தெரியாது. ஆனால் கடல் பக்கம் ஒரு காட்சி இருக்கிறது. சூரியன் மறைந்து ஐந்து நிமிடத்தில் கிழக்கே, கடல் விளிம்பை ஒட்டி, நீலச் சாம்பல் பட்டை ஒன்று மெல்ல எழும். அதற்குமேல் இளஞ்சிவப்பு வளையம். அந்தச் சாம்பல் பட்டை பூமியின் நிழல், காற்றுமண்டலத்தில் விழுவது. கிழக்கே தடையில்லாத அடிவானம் இருந்தால்தான் அது சுத்தமாகத் தெரியும். மேற்குக் கரை ஊர்களில் கடல்மேல் அஸ்தமனம் கிடைக்கும், இது கிடைக்காது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் மங்கி இரவோடு கலந்துவிடும். மேகமில்லாத ஜனவரி, பிப்ரவரி மாலைகள் இதற்கு உரியவை.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் போனால் இன்னும் ஒன்று. அன்று சந்திரன் அஸ்தமனத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பே கடலில் எழுந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே மேலே வந்து, இளஞ்சிவப்பு வளையத்துக்குள் நிற்கும். பௌர்ணமி அன்று சந்திரன் எழுவதும் சூரியன் மறைவதும் ஏறக்குறைய ஒரே நேரம், கடல் மூட்டத்தில் முதல் பத்து நிமிடம் சந்திரன் தெரியாமலே போகலாம்.

கலங்கரை விளக்கத்தில் ஏறலாமா என்று சிலர் கேட்பார்கள். லிஃப்ட் உண்டு, ஆனால் ஏறும் நேரம் மாலை ஐந்தரைக்குள் முடிந்துவிடுகிறது. நவம்பரில்கூட அஸ்தமனம் 5.39. சாய்ந்த வெயிலில் நகரத்தைப் பார்க்க அது நல்ல இடம், மறைவதைப் பார்க்க அல்ல.

#14 · தரமணி வாசகர்

கேட்டதைவிட அதிகமாகக் கிடைத்திருக்கிறது, எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். போன் திசைமானி ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரிக் காட்டுகிறது. போனில் எடுக்கும் படத்தில் சூரியன் ஒரு வெள்ளைப் புள்ளியாக வருகிறது. இரண்டுக்கும் வழி என்ன?

#15 · செக்கர்வானம்

படம் பற்றி முதலில். சூரியனின் விட்டம் அரை பாகைதான். லென்சின் குவிதூரத்தை 110ஆல் வகுத்தால் படத்தகட்டில் சூரியன் எத்தனை மில்லிமீட்டர் என்று வரும். 200 மில்லிமீட்டர் லென்சுக்கே இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவு. போனின் அகல லென்சில் புள்ளியாகத்தான் வரும், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பெரிய சூரியனைத் தேடாமல் வானத்தை எடுங்கள். சூரியனுக்குப் பக்கத்து வானத்தை விரலால் தொட்டு அழுத்திப் பிடித்தால் வெளிச்ச அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து ஒன்று அல்லது ஒன்றரைப் படி குறையுங்கள். நிறம் திரும்பி வரும். தானாக நிறம் சமன்செய்யும் ஏற்பாடு செவ்வானத்தை வெளுக்கவைக்கும், கையால் மாற்ற வழி இருந்தால் வெயில் என்ற நிலையில் வையுங்கள். லென்சை வேட்டி நுனியால் அல்ல, கண்ணாடித் துணியால் துடையுங்கள். கடற்கரை உப்பு படிந்த லென்சில் சூரியனைச் சுற்றிப் புகை மாதிரி வரும்.

தொலைநோக்கி வழியாகவோ, பெரிய லென்ஸ் கேமராவின் கண்ணாடித் துளை வழியாகவோ சூரியனைப் பார்க்காதீர்கள். சிவந்து மங்கலாகத் தெரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர் அந்த அளவுக்குக் குறைந்திருக்காது.

#16 · திசைமானி

போன் திசைமானி காந்தத்தைத்தான் நம்புகிறது. இரும்புப் பாலம், மெட்ரோ நிலையம், கார் பானெட், காந்தப் பூட்டு வைத்த போன் உறை, இவை பக்கத்தில் இருந்தால் இருபது பாகைகூடத் தள்ளும். அது கிட்டத்தட்ட ஒரு சாண். உறையைக் கழற்றி, வண்டியை விட்டுப் பத்தடி தள்ளி நின்று, போனை எட்டு வடிவத்தில் நான்கைந்து முறை சுழற்றிவிட்டுப் பாருங்கள்.

அதைவிட நம்பகமானது வரைபடம். கிளம்பும் முன் வீட்டிலேயே நிற்கப்போகும் இடத்திலிருந்து 246, 270, 294 பாகைகளில் மூன்று கோடு போடுங்கள். இன்றைய தேதிக்குச் சூரியன் எந்தக் கோட்டருகே என்று தெரியும். அந்தக் கோடு எந்தக் கோபுரம், எந்தத் தண்ணீர்த் தொட்டி, எந்தக் குன்றின்மேல் போகிறது என்று குறித்துக்கொண்டால் அங்கே போய் நின்றதும் அந்த அடையாளத்தைக் கண்ணால் தேடினாலே போதும்.

வட்டம் முழுதும் தெரிய வேண்டுமென்றால் அஸ்தமன நேரத்துக்கு 40 நிமிடம் முன் இடத்தில் இருங்கள், மறைந்த பின் 20 நிமிடம் நில்லுங்கள். கைவிளக்கு ஒன்று, தண்ணீர், கொசுவுக்கு ஏதாவது. ஏரிக்கரையிலும் உப்பளத்திலும் திரும்பும் வழியை வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.